ஆறாம் வரிசை ஜன்னல்

ஜூன் 3, செவ்வாய்

பெட்டிகள் வந்துவிட்டன. கணினியில் விமானம் ஓட்டிப் பழகுவதற்கான சாமான்கள்: விமானி பிடிக்கும் கைப்பிடி, இன்ஜின் நெம்புகோல்கள், கால் மிதிகள், ஒரு பெரிய திரை. கோமு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். விருப்ப ஓய்வு வாங்கின மனுஷன் வாழை வைப்பான், கோயில் குளம் போவான், நீங்க வீட்டுக்குள்ள பிளேன் விடப் போறியளாக்கும் என்றாள். பொழுது போக வேண்டாமா என்றேன். அவள் நம்பவில்லை. முப்பது வருடமாக நான் சொல்வதில் பாதியைத்தான் நம்புகிறாள், அந்தப் பாதியும் சரியான பாதிதான்.

விமானம் ஓட்ட ஆசைப்பட்டவன் இல்லை நான். விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் என் வேலை டிரிம் ஷீட் போடுவது. எத்தனை பேர், எத்தனை பெட்டி, யார் எங்கே உட்கார்ந்தால் விமானம் முன்னாலும் பின்னாலும் சாயாமல் நிற்கும் என்று கணக்குப் போட்ட தாள் அது. விமானி அதில் கையெழுத்துப் போட்டால்தான் கதவு மூடும். என் தாள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். இரண்டாம் வரிசையில் இருக்கும் எழுபத்தைந்து கிலோவை ஆறாம் வரிசைக்கு மாற்றினால் விமானத்துக்கு என்ன ஆகிறது? அதை விமானி உணர்கிற மாதிரி உணர்ந்து பார்க்க வேண்டும். அதற்கு முதலில் ஓட்டத் தெரிய வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

இரண்டு மணி நேரம் போராடி ஒரு இன்ஜினைக் கிளப்பினேன். இது ஜெட் இல்லை, டர்போப்ராப். உள்ளே ஜெட் மாதிரி சுழலும் இன்ஜின், வெளியே விசிறி. எழுபது இருக்கை, நான் தாள் போட்ட அதே ரகம். ஒரு இன்ஜினுக்கு இரண்டு நெம்புகோல்: ஒன்று சக்திக்கு, இன்னொன்று எரிபொருளுக்கும் விசிறியின் வேகத்துக்கும். எதை எப்போது தள்ள வேண்டும் என்று எண்பது பக்கப் புத்தகம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தபோது விசிறி சுற்றும், போகும், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

கோமு வடித்துவைத்த சோறு ஆறிப்போயிற்று. திட்டினாள்.

ஜூன் 12, வியாழன்

ஒரு வாரத்தில் பதினொரு முறை செத்தேன்.

இந்த வரியை அப்படி எழுதியிருக்கக் கூடாது. இருக்கட்டும், அடிக்கவில்லை.

ஓடுபாதையில் வேகம் எடுத்ததும் மூக்கு இடப்பக்கம் இழுக்கிறது. இரண்டு விசிறியும் ஒரே பக்கமாகச் சுற்றுவதால் அப்படியாம். வலது காலால் மிதித்துப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் குறைத்து மிதித்தால் புல்லுக்குள் போகிறது, கூட்டி மிதித்தால் அந்தப் பக்கத்துப் புல்லுக்குள். என்றோ ஓட்டிப் பழகிய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளும் இப்படித்தான் படுத்தியது, ஆனால் அதில் தனியாகத்தான் விழுந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்று முதல்முறையாகத் தரையிறங்கினேன். யாரும் சாகவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஞானதுரை அண்ணாச்சி வந்திருந்தார். மாதத்தின் கடைசி ஞாயிறு, சர்ச் முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுவார். மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கண் மீட்டர் பெட்டிக்குத்தான் போகும்.

போன ஆகஸ்ட் 25ஆம் தேதி அவர் மனைவி எஸ்தர் புஷ்பம் டீச்சர் எங்கள் விமானத்தில் சென்னைக்குப் போனார். அறுபத்தாறு பயணிகள். அங்கே மழையில் இறங்கும்போது விமானம் ஓடுபாதையை விட்டுச் சறுக்கி, வலது விசிறி மண்ணில் அடித்து, விசிறியின் ஒரு இறக்கை உடைந்து விமானத்தின் உடம்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. விசிறிக்கு நேர் எதிரே இருப்பது ஆறாம் வரிசை ஜன்னல். மற்ற அறுபத்தைந்து பேரும் சிராய்ப்போடு இறங்கி நடந்தார்கள்.

டீச்சருக்குக் கொடுத்திருந்தது இரண்டாம் வரிசை ஜன்னல். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் பேலன்ஸுக்காக அவரை ஆறாம் வரிசைக்கு மாற்றியது நான். விமானம் கிளம்பு முன் அவர் கணவருக்கு அனுப்பிய செய்தி இன்னும் அண்ணாச்சியின் போனில் இருக்கிறது: "பிளேன் சரியாகப் பறக்க நான் பின்னால் உட்கார வேண்டுமாம். பார்த்தீர்களா என் மதிப்பை."

துக்க வீட்டில் அண்ணாச்சி அந்தச் செய்தியைக் காட்டி, உண்மைதானா தம்பி என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். உண்மைதான் என்றேன். அதிலிருந்து மாதாமாதம் வருகிறார். வந்து ஒரே விஷயத்தைத்தான் கேட்பார்.

"அவ என்ன சொன்னா, அத இன்னொரு மட்டம் சொல்லுங்க தம்பி."

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு உடனே எழுந்தார்கள், நான் எந்திச்சா பிளேன் நல்லா பறக்குமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள், பறக்கும் டீச்சர் என்றேன். இதைப் பத்தாவது முறையாகச் சொன்னேன். அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார். அப்போ அறுபத்தஞ்சு பேரு பொழச்சதுல அவளுக்கும் பங்கு இருக்கு என்றார். காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

விசாரணை அறிக்கையில் மழை, பக்கக் காற்று, சக்கரம் என்று நாற்பது பக்கம் இருக்கிறது. இருக்கை மாற்றம் பற்றி ஒரு வரி கிடையாது.

ஜூலை 7, திங்கள்

இப்போது பத்தில் எட்டு முறை ஒழுங்காக இறக்குகிறேன். இன்று டிரிம் சக்கரத்தைப் பழகினேன். விமானி முழங்காலுக்குப் பக்கத்தில் இருப்பது. பின்பக்கம் கனமானால் மூக்கு தூக்கும், சக்கரத்தைச் சுற்றிச் சமன் செய்ய வேண்டும். நான் தாளில் எழுதிக் கொடுத்த எண் அந்தச் சக்கரத்தில்தான் போய் உட்காரும். இத்தனை வருடம் அது எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

எங்கள் வேலையில் ஒரு மந்திரம் உண்டு. தாயையும் பிள்ளையையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டும், அல்லது குடித்துவிட்டு வந்தவனைத் தள்ளி வைக்க வேண்டும். இருப்பவரை எழுப்பினால் சண்டைக்கு வருவார். "வெயிட் பேலன்ஸ் சார்" என்று சொன்னால் போதும், எம்.எல்.ஏ. கூட எழுந்துவிடுவார். உயிர்ப் பயம் இருக்கிற இடத்தில் யார் கேள்வி கேட்பார்? புதிதாக வேலைக்கு வந்த எல்லோருக்கும் இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பெருமையாகவும் இருந்தது.

சும்மா நினைவு வந்தது, எழுதினேன். டீச்சர் விஷயம் வேறு.

ஜூலை 8, செவ்வாய்

அக்கா மகள் கல்யாணி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். நாளைக்குப் பேசலாம்.

ஜூலை 19, சனி

கை தவறி ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டேன். விமானி அறை மறைந்து, பயணிகள் பக்கம் வந்துவிட்டது. வரிசை வரிசையாக நீல இருக்கைகள். ஆள் இல்லை. மேலே பெல்ட் விளக்கு மட்டும் எரிகிறது. இன்ஜின் சத்தம் இங்கே வேறு மாதிரி, காதுக்குள் குளவி புகுந்த மாதிரி.

திரையை நகர்த்தி நகர்த்திப் போனேன். மூன்று, நான்கு, ஐந்து. ஆறாம் வரிசை ஜன்னலில் நிறுத்தினேன். வெளியே விசிறி நேர் எதிரே. கை நீட்டினால் தொடலாம் போல. சுற்றும்போது இறக்கை தெரிவதில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் மட்டும்தான். அதைத் தாண்டிக் கீழே வயல் தெரிந்தது.

"அங்கயும் ஜன்னல்தான் டீச்சர், நல்லா வேடிக்கை பாக்கலாம்." இதையும் நான் சொன்னேன். அண்ணாச்சியிடம் இதை மட்டும் ஒரு முறையும் சொன்னதில்லை. டீச்சருக்கு அதுதான் முதல் விமானப் பயணம்.

தானியங்கியில் விட்டுவிட்டு சென்னை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி பத்து நிமிடம். இறங்குவதற்கு முன் நிறுத்திவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

இந்த வாரம் நான்கு நாள் அங்கேதான் உட்கார்ந்தேன். யாரை ஏமாற்ற, ஓட்டவே இல்லை. பின்னால் யாரோ இருமுகிற மாதிரி இன்று கேட்டது. கோமு அடுக்களையில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் திரையைத் திருப்பி எல்லா இருக்கையையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஜூலை 30, புதன்

அக்கா கூப்பிட்டாள். கல்யாணிக்கு வளைகாப்பு, ஆடி கழிந்ததும் ஆகஸ்ட் 22. தாய்மாமன் முதல் வளையல் போட வேண்டும், சாக்குச் சொன்னால் வீட்டுக்கு வந்து இழுத்துக்கொண்டு போவேன் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பிள்ளை அழுகிறாள், மாமாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று கேட்கிறாள், கல்யாணம் முடிந்து ஒரு வருடமாக ஒரு நாள் கூட வந்து பார்க்கவில்லையே என்றாள்.

கோபமா? அந்தப் பிள்ளைமேல் எனக்கு எதற்குக் கோபம். அவளைத் தோளில் தூக்கித் தேர் காட்டியவன் நான்.

வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

சோதனையை முடித்தேன். இப்போது என் கை நிதானப்பட்டுவிட்டது, தவறு என் கையில் இல்லை என்று சொல்ல முடியும். அன்றைய எரிபொருள், அன்றைய பெட்டிகள், அன்றைய காற்று, மழை. மொத்தம் அறுபத்தைந்து பேர். எழுபத்தைந்து கிலோவை இரண்டாம் வரிசையில் வைத்துப் பத்து முறை. ஆறாம் வரிசையில் வைத்துப் பத்து முறை. மாற்றி மாற்றி.

சமநிலை ஒரு சென்டிமீட்டர் நகர்கிறது. இருபது டன் விமானத்தில் ஒரு சென்டிமீட்டர். டிரிம் சக்கரத்தில் அது ஒரு நூல். கைக்குத் தெரியவில்லை. இரண்டு விதத்திலும் ஒரே மாதிரி ஏறியது, ஒரே மாதிரி இறங்கியது.

ஆனாலும் ஒரு நூல் நகர்கிறது இல்லையா? அப்படியானால் நான் சொன்னது முழுப் பொய் ஆகாது. அவர் எழுந்த இடம் காலியாக இருந்திருந்தால்.

கடைசி வரியை அடித்தேன். மறுபடி எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அண்ணாச்சி நடுவாரத்தில் வந்தார். நினைவு நாளன்று டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்கூட நூலகத்தில் கல்வெட்டு வைக்கப்போகிறார்களாம். வாசகத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கல்லில் வெட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது, விவரம் தெரிந்தவர் நீங்கள், பிழை இருந்தால் சொல்லுங்கள் என்றார்.

"விமானம் சமநிலையில் பறக்கத் தன் இருக்கையை மாற்றிக்கொண்டு அறுபத்தைந்து உயிர்களைக் காத்த ஆசிரியை எஸ்தர் புஷ்பம்."

இரண்டு முறை படித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஒன்று சரிபார்க்க வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 16, சனி

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அன்று விமானியிடம் கையெழுத்து வாங்க விமானத்துக்குள் போனபோது கல்யாணி இரண்டாம் வரிசையில் இருந்தாள், கல்யாணமாகி நாலு நாள். அவள் மாப்பிள்ளைக்கு ஆறாம் வரிசை ஜன்னல் விழுந்திருந்தது. தள்ளித் தள்ளி சீட்டு விழுந்துட்டு மாமா என்று முகத்தைச் சுருக்கினாள். சிறு வயதில் பலூன் உடைந்தால் சுருக்குவாளே, அதே முகம். அவளுக்கு அடுத்த ஜன்னலில் டீச்சர் ரோஸ் சேலையில் உட்கார்ந்திருந்தார். நான் மந்திரத்தைச் சொன்னேன். அவர் எழுந்து பின்னால் போனார், மாப்பிள்ளை முன்னால் வந்தான். தாளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எடை, எழுபத்தைந்து கிலோ. அதனால் தாளில் ஒரு எண்ணையும் நான் மாற்றவில்லை.

பேலன்ஸ் இல்லை. ஒன்றும் இல்லை. என் அக்கா மகள் சிரிக்க வேண்டும், நான் பெரிய மாமாவாகத் தெரிய வேண்டும்.

பாவி நான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அண்ணாச்சி பதினொரு மணிக்கு வந்தார். திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். இருக்கைப் படத்தைத் திறந்தேன். ஆள் இருக்கிற இருக்கையில் பச்சைப் புள்ளி, ஓரத்தில் சமநிலையைக் காட்டும் ஒரு முள். முள்ளைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆயுசு முழுக்க முள்ளைப் பார்த்தவர்.

இரண்டாம் வரிசை ஜன்னல் புள்ளியைக் காட்டி, இதுதான் டீச்சர் என்றேன். அவரே ஆறாம் வரிசைக்கு நகர்த்தட்டும் என்று மௌஸைக் கொடுத்தேன். தூங்குகிற பிள்ளையைக் கட்டில் மாற்றிக் கிடத்துகிற மாதிரி அந்தப் புள்ளியைக் கொண்டுபோய் வைத்தார். முள் ஒரு மயிரிழை அசைந்தது.

"நகருது தம்பி," என்றார். அழுதுவிட்டார்.

அந்த இடத்தில் நான் கணினியை அணைத்திருக்கலாம். கோமு காபி கொண்டுவந்து வைத்தாள். வாசகம் சரிதான் அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தார். அடியில் இருந்த எண்ணில் விரலை வைத்தார்.

"அறுபத்தஞ்சுன்னு காட்டுதே. அன்னைக்கு இவளையும் சேத்து அறுபத்தாறு பேருல்லா. யாரோ ஒரு ஆள விட்டுட்டியளே."

இருபது முறையும் ஒரு ஆள் குறைவாகத்தான் பறந்திருக்கிறேன். தெரிந்தேதான். மாப்பிள்ளையின் புள்ளியை முதல் நாளே எடுத்துவிட்டேன், அவன் இருந்தால் முள் நகராது.

அந்தப் புள்ளியை இப்போதும் பின்னால் எங்காவது கொண்டுபோய் வைத்திருக்கலாம், காலி இருக்கை நாலு கிடந்தது. நான் இரண்டாம் வரிசை ஜன்னலில் வைத்தேன், டீச்சர் எழுந்த இடத்தில். முள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றது.

அண்ணாச்சி முள்ளைப் பார்த்தார், புள்ளியைப் பார்த்தார். மீட்டரில் கள்ளத்தனம் பிடித்த மனுஷனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"இது யாரு?"

"எங்க அக்கா மருமவன். புதுசா கல்யாணம் ஆன சோடி, சேந்து உட்காரணும்னு கேட்டுது புள்ள. பேலன்ஸ்னு சொன்னது பொய் அண்ணாச்சி."

கோமு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும். கல்யாணி வீட்டுக்கு நான் ஏன் போகவில்லை என்பதும் அதோடு விளங்கியிருக்கும்.

அண்ணாச்சி அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் மௌஸை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"சின்னஞ்சிறுசுக சேந்து உட்காரணும், எடம் குடுங்கன்னு கேட்டிருந்தாலே எந்திச்சிருப்பாளே தம்பி. பஸ்ல ஒரு நாளு அவ எடம் குடுக்காம வந்ததில்ல. பொய் எதுக்கு?"

இந்த ஒரு வருடத்தில் ஆயிரம் விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு முறையும் நினைக்கவில்லை. கேட்டால் கொடுப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வாசல் வரைக்கும் போனவர் நின்றார். அந்தப் பிள்ளைக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது, பேலன்ஸ் என்றுதான் அவளும் நம்புகிறாள், இப்போது மாசமாக இருக்கிறாள் என்றேன்.

"சொல்லாதிய. இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

காபி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

கோமு பேசவில்லை. சோறு போட்டாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

போனேன். முதல் வளையல் நான்தான் போட்டேன், சிவப்புக் கண்ணாடி வளையல். கல்யாணி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மாப்பிள்ளை அவள் பக்கத்திலேயே நின்றான். பெண் குழந்தை பிறந்தால் என்ன பெயர் வைக்கலாம் மாமா என்று கேட்டாள். ஒரு பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. உன் இஷ்டம் தாயி என்றேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அழைப்பு வரவில்லை. ஆனாலும் போனேன். நூலகத்தில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள், டீச்சரிடம் படித்தவர்கள் நிறைய வந்திருந்தார்கள். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

துணியை விலக்கினார்கள். அண்ணாச்சி வாசகத்தை மாற்றியிருந்தார்.

"எஸ்தர் புஷ்பம், ஆசிரியை. கேட்டால் எழுந்து இடம் கொடுப்பார்."

ஜெபம் தொடங்குமுன் அண்ணாச்சி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். என்னைக் கண்டுகொண்டார். நடுவில் நடந்து கடைசி வரிசைக்கு வந்து என் முன்னால் நின்றார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"தம்பி, எந்திரிங்க. முன்னாடி ஒரு எடம் இருக்கு, அங்க வந்து உட்காருங்க."

ஏன் என்று கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு உடனே எழுந்தேன். கல்லுக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். கூட்டம் முடிகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.